சபோரிஷியா: போர்முனையில் ஓர் அணுமின் நிலையம் – நிகழ்வு ஆய்வு

ஓடிக்கொண்டிருந்த ஓர் அணுமின் நிலையத்தை அயல்நாட்டுப் படை பீரங்கி வண்டிகளோடு வந்து பிடித்துக்கொண்டது உலகத்தில் ஒரே ஒரு முறைதான் நடந்திருக்கிறது. உக்ரைனின் தென்கிழக்கில், டினிப்ரோ ஆற்றின் இடது கரையில் இருக்கும் சபோரிஷியா அணுமின் நிலையத்தில், 2022 மார்ச் 4 அதிகாலையில். ஆறு உலைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,000 மெகாவாட். ஐரோப்பாவிலேயே பெரியது. போருக்கு முன் உக்ரைனின் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இங்கிருந்துதான் போனது.

அணு உலைக்குப் பக்கத்தில் போர் என்றதும் நம் மனசில் வருவது ஏவுகணை பாய்ந்து உலையின் கான்கிரீட் கூடு பிளக்கும் காட்சி. அந்தப் பயத்தைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் சபோரிஷியாவில் நடந்தவற்றைத் தேதிவாரியாக எடுத்து வைத்துப் பார்த்தால், நிலையம் நிஜமாகவே நெருக்கடிக்குப் போன பெரும்பாலான வேளைகளில் உலைக்கூட்டின் மேல் எதுவும் விழவில்லை. எங்கோ பல கிலோமீட்டர் தள்ளி ஒரு மின்கம்பி அறுந்திருக்கும். ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் ஓர் அணை உடைந்திருக்கும். வேலைக்கு வர வேண்டிய பொறியாளரை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். இந்த ஆய்வு அந்தப் பக்கத்தைத்தான் அதிகம் பார்க்கிறது. நமக்கு இதில் அக்கறை இருக்க நேரடிக் காரணமும் இருக்கிறது: கூடங்குளத்தில் நிற்பவையும் இதே ரஷ்ய வி.வி.இ.ஆர்-1000 குடும்பத்து உலைகள்தான்.

நிறுத்தினாலும் அடங்காத வெப்பம்

மற்ற எல்லாமும் இந்த ஒரு விஷயத்தில் தொங்குவதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அணுப்பிளவை நிறுத்துவது எளிது. கட்டுப்பாட்டுக் கோல்கள் இறங்கினால் சில நொடிகளில் தொடர்வினை நின்றுவிடும். நிற்காதது வெப்பம். விறகை வெளியே இழுத்த பிறகும் அடுப்பில் தணல் கனன்றுகொண்டிருப்பது போல, பிளந்த அணுக்களின் மிச்சங்கள் சிதைந்துகொண்டே வெப்பத்தைத் தந்துகொண்டிருக்கும். சபோரிஷியா உலை ஒன்று முழுத் திறனில் ஓடும்போது 3,000 மெகாவாட் வெப்பம் தருகிறது. நிறுத்திய அந்தக் கணத்தில் அதில் 6 முதல் 7 சதவீதம் வந்துகொண்டிருக்கும். அதாவது சுமார் 200 மெகாவாட். ஒரு நாள் கழித்து அரை சதவீத அளவுக்கு இறங்கும். அப்போதும் அது 15 மெகாவாட். இந்த வெப்பத்தை எடுத்துப்போக எரிபொருளின் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் ஓட பம்ப் வேண்டும். பம்ப் ஓட மின்சாரம் வேண்டும். உலை நின்றுவிட்டால் அந்த மின்சாரம் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

நாடு முழுவதற்கும் மின்சாரம் அனுப்பும் நிலையம், தன் உயிரைக் காத்துக்கொள்ள வெளி மின்சாரத்தை நம்பி நிற்கிறது. பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமாவில் ஆனது இதுதான். நிலநடுக்கம் வெளி மின்சாரத்தை அறுத்தது. சுனாமி வந்து டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. உலைகள் முறைப்படி நின்றுவிட்டிருந்தும், முதல் உலையின் எரிபொருள் அன்று மாலையிலேயே உருகத் தொடங்கிவிட்டது. அங்கே கடல் செய்ததை, பீரங்கிக் குண்டு ஒன்று மின்கோபுரத்தின் காலில் விழுந்தும் பாதி செய்துவிட முடியும்.

நிறுத்தி எவ்வளவு காலம் ஆகிறதோ அவ்வளவுக்கு ஆபத்து மெல்ல நகரும். ஓடிக்கொண்டிருந்த உலைக்குத் திடீரென்று எல்லா மின்சாரமும் போனால் கையில் இருப்பது சில மணி நேரம். மாதக்கணக்காகக் குளிர்ந்து கிடக்கும் உலைக்குப் பல நாட்கள், வாரங்கள்கூட இருக்கும். சபோரிஷியாவில் எல்லா உலைகளையும் நிறுத்தியது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

மார்ச் 4 இரவு

எனர்ஹோதர், அணுமின் நிலையத்தையும் பக்கத்திலிருக்கும் அனல்மின் நிலையத்தையும் நம்பிப் பிறந்த சோவியத் கால ஊர். போருக்கு முன் சுமார் 50,000 பேர். பெரும்பாலான வீடுகளில் யாராவது ஒருவருக்கு நிலையத்தில் வேலை. 2022 பிப்ரவரி 24 அன்று படையெடுப்பு தொடங்கியது. மார்ச் முதல் வாரத்தில் ரஷ்யப் படை நெருங்கி வருகிறது என்று தெரிந்ததும் ஊர்மக்கள் டயர்களையும் மணல் மூட்டைகளையும் லாரிகளையும் சாலையில் அடுக்கினார்கள். நிலையத்து ஊழியர்கள் உட்பட நூற்றுக்கணக்கானோர் வெறுங்கையோடு வழிமறித்து நின்றார்கள். இரண்டு நாட்கள் அது தாக்குப்பிடித்தது.

மார்ச் 3 நள்ளிரவை ஒட்டி வண்டிகள் நிலையத்துக்கே வந்துவிட்டன. நிலையத்தின் கண்காணிப்புக் கேமராக்களின் காட்சி இணையத்தில் நேரலையாக ஓடிக்கொண்டிருந்ததால் உலகம் முழுக்க உட்கார்ந்து பார்த்தது. ஒளிக்குண்டுகள் மிதந்து இறங்குகின்றன. நிர்வாகக் கட்டடங்களை நோக்கிக் குண்டுகள் ஒளிக்கோடுகளாகப் பறக்கின்றன. பயிற்சி மையக் கட்டடத்தில் தீப்பிடிக்கிறது. சுடுவதை நிறுத்துங்கள், இது அணு நிலையம் என்று ஊழியர்கள் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சண்டை நடந்ததால் தீயணைப்பு வண்டிகளால் உடனே உள்ளே போக முடியவில்லை. விடிகிற நேரத்தில்தான் தீ அடங்கியது.

அந்த நேரத்தில் நான்காம் உலை மின்சாரம் தயாரித்துக்கொண்டிருந்தது. முதலாம் உலை பராமரிப்புக்காக நின்றிருந்தது. அதன் துணைக் கட்டடத்தில் குண்டு பட்டது. கதிர்வீச்சு அளவு உயரவில்லை. இதை வைத்து ஒன்றும் ஆகவில்லையே என்று அன்றைக்கே சிலர் சொன்னார்கள். எனக்கு அந்த வாதம் துளியும் ஏற்கத் தக்கதாகப் படவில்லை. ஓடும் உலையிலிருந்து சில நூறு மீட்டர் தூரத்தில் கனரக ஆயுதத்தால் சுட்டிருக்கிறார்கள். விளைவு சிறியதாக இருந்ததால் செயல் சிறியதாகிவிடாது.

அதைவிட என்னை உலுக்கியது இரண்டு நாள் கழித்து வந்த செய்தி. உலையின் தொழில்நுட்ப இயக்கம் உட்பட நிர்வாகம் எடுக்கும் எந்த முடிவுக்கும் அங்கிருக்கும் ரஷ்யப் படைத் தளபதியின் முன் அனுமதி வேண்டும் என்று சர்வதேச அணுசக்தி முகமை மார்ச் 6 அன்று அறிவித்தது. கைபேசி, இணையத் தொடர்புகளும் துண்டிக்கப்பட்டிருந்தன. கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்ப்பவர் ஒரு வால்வைத் திறக்கலாமா என்பதை, அணு உலையைப் பற்றி எதுவும் தெரியாத, துப்பாக்கி வைத்திருக்கும் ஒருவர் முடிவு செய்யும் நிலை.

திரும்பத் திரும்பப் போன மின்சாரம்

போருக்கு முன் நிலையத்தை 750 கிலோவோல்ட் தடங்கள் நான்கு வெளி மின்தொகுப்போடு இணைத்திருந்தன. அவை போனால் கைகொடுக்க 330 கிலோவோல்ட் தடங்கள் ஆறு. இத்தனை வழிகள் வைத்திருப்பதே ஒன்று அறுந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான். போர் இந்தத் தடங்களை ஒவ்வொன்றாகத் தின்றது. 2022 ஆகஸ்ட் கடைசியில் 750-இல் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று.

ஆகஸ்ட் 25 அன்று அனல்மின் நிலையத்தின் சாம்பல் குவிப்பிடம் அருகே பற்றிய தீயால் அந்தக் கடைசித் தடமும் துண்டிக்கப்பட்டது. ஓடிக்கொண்டிருந்த இரண்டு உலைகளும் நின்றன. நிலையம் கட்டி முடித்த நாளிலிருந்து தேசிய மின்தொகுப்பைவிட்டு அது முழுதாகப் பிரிந்தது அதுவே முதல்முறை. அனல்மின் நிலையம் வழியாக வரும் மாற்றுத் தடம் ஒன்று உள்தேவைக்குக் கைகொடுத்தது. தீப்பிடித்தது சாம்பல் மேட்டருகே. நின்றது இரண்டு அணு உலைகள். இந்தத் தொடர்பை நிலையத்து ஆட்களைத் தவிர யார் முன்கூட்டியே யோசித்திருப்பார்கள்?

செப்டம்பர் தொடக்கத்தில் நிலைமை இன்னும் விசித்திரமானது. வெளித்தடங்கள் எல்லாம் போன பிறகு ஆறாம் உலை மட்டும் குறைந்த திறனில் ஓடி, அந்த மின்சாரத்தால் நிலையத்தின் பம்புகளை ஓட்டிக்கொண்டிருந்தது. தன்னைக் குளிர்விக்கத் தேவையான மின்சாரத்தை உலை தானே தயாரித்துக்கொள்ளும் முறை இது. சில மணி நேரத்துக்கு என்று வைத்திருக்கும் ஏற்பாடு, நாட்கணக்கில் ஓடியது. ஒரு தடம் திரும்பக் கிடைத்ததும் செப்டம்பர் 11 அன்று அதையும் நிறுத்தினார்கள். அன்றிலிருந்து சபோரிஷியா நாட்டுக்கு மின்சாரம் தரவில்லை. வாங்க மட்டும் செய்கிறது.

அப்புறம் வந்தவை எல்லாம் டீசலின் கதை. நிலையத்தில் 20 அவசரகால டீசல் ஜெனரேட்டர்கள் உண்டு. வெளி மின்சாரம் போன நொடியில் அவை தாமாகவே கிளம்ப வேண்டும். இதுவரை கிளம்பியிருக்கின்றன. பத்து நாட்களுக்குக் குறையாத டீசலைக் கையிருப்பில் வைத்திருப்பது நடைமுறை. அதற்கு மேல் தேவைப்பட்டால் போர்முனைச் சாலைகளில் டேங்கர் லாரி வந்தாக வேண்டும். 2022 அக்டோபரிலும் நவம்பரிலும் இந்தக் கடைசிக் காப்பை நம்ப வேண்டிய நிலை திரும்பத் திரும்ப வந்தது. நவம்பர் 23 அன்று உக்ரைனின் மின்தொகுப்பு மேல் ஏவுகணைகள் பொழிந்ததில் ரிவ்னே, க்மெல்னிட்ஸ்கி, தெற்கு உக்ரைன், சபோரிஷியா ஆகிய நான்கு அணுமின் நிலையங்களும் ஒரே நாளில் தொகுப்பைவிட்டுப் பிரிந்தன. அந்த நான்கில் எதன் மேலும் அன்று குண்டு விழவில்லை. அடிபட்டவை துணை மின்நிலையங்களும் மின்கடத்திகளும். ஒரு துணை மின்நிலையத்தைத் தாக்குபவர், நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உலையின் பம்பையும் தாக்குகிறார். போரிடுபவர்கள் எந்தத் தரப்பாக இருந்தாலும் இதைத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

2023 மார்ச் 9 அன்று பதினொரு மணி நேரம் இருட்டு. ஒவ்வொரு முறையும் பகடை உருட்டிக்கொண்டிருக்கிறோம், ஒருநாள் அதிர்ஷ்டம் கைவிட்டுவிடும் என்று முகமையின் தலைமை இயக்குநர் ரஃபேல் குரோஸி அன்று தன் நிர்வாகக் குழுவிடம் கோபமாகவே சொன்னார். மே 22, டிசம்பர் 2 என்று அது தொடர்ந்தது. 2025 ஜூலை 4 அன்று ஒன்பதாவது முறை. சில மணி நேரத்தில் தடம் திரும்பியது.

பத்தாவது முறைதான் இதுவரை வந்ததிலேயே மோசமானது. 2025 செப்டம்பர் 23 அன்று எஞ்சியிருந்த ஒரே 750 கிலோவோல்ட் தடம், டினிப்ரோவ்ஸ்கா, அறுந்தது. மாற்றாக இருந்த 330 கிலோவோல்ட் ஃபெரோஸ்ப்ளாவ்னா தடம் மே மாதத்திலிருந்தே செத்துக் கிடந்தது. வழக்கமாக மணிக்கணக்கில் தீரும் பிரச்சினை இந்த முறை நாட்களுக்கு நீண்டது, வாரங்களுக்கு நீண்டது. ஏழெட்டு ஜெனரேட்டர்கள் மாறி மாறி ஓடின. சில நாட்கள் சமாளிக்க என்று வடிவமைத்த எந்திரங்களை ஒரு மாதம் ஓட்டினார்கள். கம்பி அறுந்திருந்த இடங்கள் இரு படைகளின் துப்பாக்கி முனைக்கு நடுவே. பழுது பார்க்கப் போகும் லைன்மேன் உயிரோடு திரும்புவார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கடைசியில் முகமை இரு தரப்பிடமும் பேசி, குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் சண்டையை நிறுத்த வைத்தது. கம்பித்தடத்தின் இரு பக்கமும் கண்ணிவெடிகளை அகற்றினார்கள், பழுது பார்த்தார்கள். அக்டோபர் 23 அன்று மின்சாரம் திரும்பியது.

உலைகள் மூன்று வருடமாக ஓடாமல் ஆறிப்போயிருந்ததால்தான் இந்த ஒரு மாதம் வெறும் செய்தியாக முடிந்தது. ஓடிக்கொண்டிருந்த உலைகள் நின்ற மறுநாளிலிருந்து இப்படி ஒரு மாதம் என்றால், டீசல் நின்றுபோகும் ஒவ்வொரு மணி நேரமும் எரிபொருளை உருகும் பக்கம் தள்ளியிருக்கும்.

ககோவ்கா அணையும் கிணற்றுத் தண்ணீரும்

நிலையம் ககோவ்கா நீர்த்தேக்கத்தின் கரையில் இருந்தது. இருந்தது என்று எழுதுகிறேன், அந்த நீர்த்தேக்கம் இப்போது இல்லை. 1956-இல் கட்டி முடித்த அணை, சுமார் 18 கன கிலோமீட்டர் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தது. 2023 ஜூன் 6 அதிகாலையில் அது உடைந்தது. அணை அப்போது ரஷ்யப் படையின் கட்டுப்பாட்டில் இருந்தது. கீழே கெர்சன் பக்கம் ஊர்கள் மூழ்கின, மனிதர்கள் செத்தார்கள். மேலே ஏரி வடியத் தொடங்கியது. நீர்மட்டம் 12.7 மீட்டருக்குக் கீழே போனால் நிலையத்தின் பம்புகளால் தண்ணீர் எடுக்க முடியாது என்று முதலில் கணக்கிட்டிருந்தார்கள். அந்த அளவை ஏரி சில நாட்களிலேயே தாண்டி இறங்கியது. சேறும் வெடித்த தரையுமாக அடிமண் வெளியே வந்தது.

இங்கே நிலையத்தைக் காப்பாற்றியது பழைய பொறியாளர்களின் முன்யோசனை. உலைகளுக்கான குளிரூட்டும் குளத்தை ஏரியோடு கலந்துவிடாமல் தனிக் கரை எழுப்பிக் கட்டியிருந்தார்கள். ஏரி வடிந்தபோதும் குளத்தில் தண்ணீர் நின்றது. உலைகள் நின்றிருந்ததால் அது மாதக்கணக்கில் போதுமானதாகவும் இருந்தது. அந்தக் கரை மட்டும் உடைந்திருந்தால்? அதன் அருகேயும் படை வண்டிகள் நடமாடிய காலம் அது.

அதன் பிறகு நிலையத்து வளாகத்தில் 11 ஆழ்கிணறுகள் தோண்டினார்கள். அவை மணிக்கு சுமார் 250 கன மீட்டர் தண்ணீர் தருகின்றன. அந்தத் தண்ணீர் தெளிப்புக் குளங்கள் எனப்படும் சிறு குளங்களுக்குப் போகிறது. குழாய்த் துளைகள் வழியாகத் தண்ணீரை மேலே பீய்ச்சி, காற்றில் வெப்பத்தை இழந்து விழவைக்கும் குளங்கள் அவை. ஐரோப்பாவின் மிகப் பெரிய அணுமின் நிலையம், ஒரு பெருநதியின் கரையில் இருந்துகொண்டே கிணற்றுத் தண்ணீரில் காலம் தள்ளுகிறது. நின்ற உலைகளுக்கு அது போதும். ஓடும் உலைக்கு அது எந்த மூலைக்கு?

ஆட்கள்

போருக்கு முன் இங்கே 11,000-க்கும் மேற்பட்டோர் வேலை பார்த்தார்கள். ஒரு வி.வி.இ.ஆர் உலையின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார உரிமம் வாங்க வருடக்கணக்கில் படிப்பும் பயிற்சியும் தேவை. அதுவும் குறிப்பிட்ட அந்த உலைக்கான உரிமம். பக்கத்து நிலையத்திலிருந்து ஆள் கொண்டுவந்து உட்காரவைப்பது அவ்வளவு சுலபமில்லை.

2022 செப்டம்பர் 30 அன்று நிலையத்தின் தலைமை இயக்குநரை வேலையிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் ரஷ்யப் படையினர் பிடித்துக்கொண்டு போனார்கள். சில நாள் கழித்து விடுவித்தார்கள். அவர் அந்த வேலைக்குத் திரும்பவில்லை. அக்டோபர் 5 அன்று நிலையம் ரஷ்ய அரசுச் சொத்து என்று மாஸ்கோ ஆணை போட்டது. ரஷ்ய நிறுவனமான ரோசாட்டத்தின் கீழ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி ஊழியர்களை நெருக்கினார்கள். பலர் ஊரைவிட்டுப் போனார்கள். போக முடியாமல் தங்கியவர்களுக்கு ஒரு பக்கம் தங்கள் நாட்டின் நிறுவனம், மறுபக்கம் வாசலில் நிற்கும் படை. 2024 பிப்ரவரி 1 முதல், உக்ரைனின் எனெர்ஹோஆட்டம் நிறுவனத்திலேயே தொடர்ந்தவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்றாகிவிட்டது. அப்போது உள்ளே இருந்தவர்கள் சுமார் 4,500 பேர்.

படையெடுப்பின் முதல் நாளே ரஷ்யப் படை பிடித்த செர்னோபிலில் இதே விஷயம் இன்னும் பச்சையாகத் தெரிந்தது. 2022 பிப்ரவரி 24 அன்று வேலைக்கு வந்த ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரத்தில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியது. மார்ச் 20 வாக்கில்தான் அவர்களில் பெரும்பாலோரை மாற்ற முடிந்தது. மூன்று வாரத்துக்கும் மேல் அதே ஆட்கள், அதே அறைகள், சுற்றிலும் ஆயுதம். நடுவில் மார்ச் 9 முதல் சில நாட்கள் வெளி மின்சாரமும் இல்லை. அங்கே உலைகள் 2000-ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டுவிட்டதால் அது பேரழிவாகவில்லை. அணு பாதுகாப்பு பற்றிப் பேசும்போது எந்திரங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். தூங்காத, பயந்த, குடும்பத்தைப் பற்றிச் செய்தி வராத ஒரு மனிதர் தவறான பொத்தானை அழுத்தும் வாய்ப்பைக் கணக்கிட எந்தச் சூத்திரமும் நம்மிடம் இல்லை.

2022 செப்டம்பர் 1 அன்று குரோஸி தலைமையில் முகமையின் குழு போர்முனையைத் தாண்டி உள்ளே போனது. அன்றிலிருந்து அங்கே நிரந்தரமாகச் சில நிபுணர்கள் தங்கியிருக்கிறார்கள். அவர்களால் படையை வெளியேற்ற முடியாது. எல்லாக் கதவையும் திறந்துகாட்டவும் வைக்க முடியவில்லை. சில உலைக் கட்டடங்களின் மொட்டைமாடிக்குப் போகவே நீண்ட நாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டர்பைன் கூடங்களுக்குள் ராணுவ வண்டிகள் நிற்பதையும், 2023 ஜூலையில் உள்வேலிக்கும் வெளிவேலிக்கும் இடையே கண்ணிவெடிகள் வைத்திருப்பதையும் அவர்கள் பார்த்து எழுதினார்கள். 2024 டிசம்பரில் அவர்களின் வண்டியே சாலையில் ட்ரோன் தாக்குதலில் சேதமானது. இத்தனைக்கும் நடுவில் அவர்கள் எழுதி அனுப்பும் குறிப்புகள் இல்லையென்றால், இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றம்சாட்டும் அறிக்கைகள் மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கும்.

கான்கிரீட் கூடு எவ்வளவு தாங்கும்

இந்த உலைகளின் கூடு சுமார் 1.2 மீட்டர் கனமுள்ள முன்அழுத்தக் கான்கிரீட், உட்பக்கம் எஃகுத் தகடு. 2024 ஏப்ரல் 7 அன்று ட்ரோன் ஒன்று ஆறாம் உலையின் உச்சியில் மோதி வெடித்தது. மேலே கருகிய தடம் மட்டும்தான். சின்ன ட்ரோனுக்கு இந்தக் கூடு அசையாது. பெரிய ஊடுருவும் ஏவுகணைக்கு என்ன ஆகும் என்பதைச் சோதித்துப் பார்க்க யாரும் விரும்பமாட்டார்கள். அதே ஏப்ரலில் ஆறு உலைகளும் குளிர்நிலைக்கு, அதாவது உள்ளே தண்ணீர் கொதிக்காத அளவுக்கு ஆறிய நிலைக்கு, வந்தன. ஆகஸ்டில் ஒரு குளிர்விப்புக் கோபுரம் தீப்பற்றி எரிந்தது.

பயன்படுத்திய எரிபொருள் நூற்றுக்கும் மேற்பட்ட கான்கிரீட் கலன்களில் வளாகத்திலேயே திறந்தவெளியில் நிற்கிறது. 2022 ஆகஸ்டில் அதன் அருகே ராக்கெட்டுகள் விழுந்தன. கலன் ஒன்று உடைந்தாலும் பாதிப்பு உலை உருகுவது போல நாடுகளைத் தாண்டிப் போகாது. வளாகத்தையும் சுற்றுவட்டாரத்தையும் கெடுக்கும்.

அந்த ஆகஸ்டில் சுற்றுவட்டார மக்களுக்கு அயோடின் மாத்திரைகள் கொடுத்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 55 லட்சம் மாத்திரைகளை அனுப்பியது. அப்போது அது சரியான முடிவு. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும். தைராய்டில் போய்த் தங்குவது அதுதான், மாத்திரை தடுப்பதும் அதை மட்டும்தான். உலைகள் நின்று பல மாதம் ஆன பிறகு அந்த அயோடின் ஏறத்தாழ இல்லாமல் போயிருக்கும். மிஞ்சுவது சீசியம்-137, பாதியாக 30 வருடம் எடுத்துக்கொள்ளும், வயலிலும் பாலிலும் தங்கும். அதற்கு அயோடின் மாத்திரை உதவாது.

செர்னோபிலின் நான்காம் உலையை மூடியிருக்கும் எஃகு வளைவுக்கூரை இந்தப் போரில் பட்ட அடியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 36,000 டன் எடை, பல நாடுகள் சேர்ந்து பணம் போட்டு 2016-இல் நகர்த்தி நிறுத்தியது, நூறு வருடம் நிற்கும் என்று கட்டியது. 2025 பிப்ரவரி 14 அன்று ட்ரோன் ஒன்று அதில் ஓட்டை போட்டது. கூரையின் அடுக்குகளுக்கு நடுவே கனன்ற தீயை அணைக்க வாரங்கள் ஆயின. கதிர்வீச்சு வெளியே வரவில்லை. ஆனால் காற்றுப் புகாமல் காப்பதுதான் அந்தக் கூரையின் வேலை, அது கெட்டுவிட்டது.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977-ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறை, பிரிவு 56, அணைகளையும் கரைகளையும் அணுமின் நிலையங்களையும் ஒரே மூச்சில் பேர் சொல்லிக் காக்கிறது. தாக்கினால் ஆபத்தான சக்திகள் கட்டவிழ்ந்து மக்களுக்குப் பேரிழப்பு வருமானால், ராணுவ இலக்காக இருந்தாலும் தாக்கக் கூடாது. ஆனால் அடுத்த பத்தியிலேயே விலக்கும் இருக்கிறது: நிலையம் போர் நடவடிக்கைக்கு வழக்கமாக, கணிசமாக, நேரடியாக மின்சாரம் தந்து, அதை நிறுத்த வேறு வழியே இல்லையென்றால் பாதுகாப்பு விலகும். இந்தப் பிரிவை எழுதியவர்கள் வெளியிலிருந்து வரும் தாக்குதலை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டு, நிலையத்தையே கேடயமாக்கும் படையைப் பற்றி அதில் சொல்லியிருப்பது மிகக் குறைவு. கம்பித்தடங்களையும் துணை மின்நிலையங்களையும் பேர் சொல்லிக் காக்கவும் இல்லை.

2023 மே 30 அன்று குரோஸி ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஐந்து கோட்பாடுகளை வைத்தார். நிலையத்தின் மீதோ நிலையத்திலிருந்தோ தாக்குதல் கூடாது. கனரக ஆயுதங்களை அங்கே வைக்கக் கூடாது. வெளி மின்சாரத்துக்கு ஊறு செய்யக் கூடாது. முக்கியக் கட்டமைப்புகளைக் காக்க வேண்டும். இவற்றைக் குலைக்கும் எதையும் செய்யக் கூடாது. ஒரே வாரத்தில் ககோவ்கா அணை உடைந்தது.

நம் பக்கத்திலும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்றின் அணு நிலையங்களை மற்றொன்று தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31 அன்று கையெழுத்திட்டன. 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. உறவு எவ்வளவு கெட்டிருந்த வருடத்திலும் இது தவறவில்லை, நல்ல விஷயம். மின்தடங்களுக்கும் இதே காப்பு வேண்டும் என்பதுதான் சபோரிஷியாவைப் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது. கூடங்குளத்து உலைகள் சபோரிஷியாவைவிடப் புதிய வகை. மின்சாரமே இல்லாவிட்டாலும் நீராவியின் வெப்பத்தைக் காற்றோட்டத்தால் வெளியேற்றும் ஏற்பாடு அவற்றில் உண்டு. சபோரிஷியாவின் பழைய வடிவமைப்பில் அது கிடையாது. அது பெரிய ஆறுதல்தான். ஆனாலும் எந்த வடிவமைப்பும் மாதக்கணக்கான முற்றுகையைக் கணக்கில் வைத்து வரைந்ததல்ல.

மீண்டும் ஓட்டலாமா

நிலையத்தைத் திரும்ப ஓட்டும் எண்ணத்தை ரோசாட்டம் பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. போர் நிற்கும் முன் இது நடக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏரி இல்லை, குளத்தின் மட்டம் இறங்கியிருக்கிறது, கிணறுகள் நின்ற உலைகளுக்கு மட்டும் போதும். பத்துத் தடங்கள் இருந்த இடத்தில் ஒன்றிரண்டுதான் மிச்சம். வருடக்கணக்கில் பராமரிப்பு தள்ளிப்போன கருவிகள், பாதிக்கும் குறைவான ஆட்கள். ஓர் உலையை ஓட்டத் தொடங்கினால் அயோடின் மறுபடியும் சேரும், சிதைவு வெப்பம் மறுபடியும் ஏறும். மின்சாரம் போனால் வாரக்கணக்கில் இருக்கும் அவகாசம் மணிக்கணக்காகிவிடும்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியது 2025 அக்டோபரில் ஏற்கெனவே செய்து காட்டப்பட்டிருக்கிறது. டினிப்ரோவ்ஸ்கா, ஃபெரோஸ்ப்ளாவ்னா தடங்கள் போகும் பாதை முழுவதும், அவை போய்ச் சேரும் துணை மின்நிலையங்கள் உட்பட, சுடாப் பகுதியாக அறிவிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு முறை கம்பி அறுந்த பிறகும் புதிதாகப் பேரம் பேசாமல், பழுது பார்க்கும் குழு மறுநாளே போகும்படி முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். டீசல் லாரிகளுக்கும், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் ஷிப்ட் ஊழியர்களுக்கும் அதே உறுதி வேண்டும். எந்தத் தரப்பும் நிலத்தில் ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்காமலே இதற்குச் சம்மதிக்க முடியும்.